கேமை வைத்து எடுத்த படங்கள் ஏன் சொதப்புகின்றன? பாம்பன் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பனில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடையின் பின்பக்கம் ஒரு டிவி, இரண்டு கன்ட்ரோலர், நான்கு நாற்காலி. ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள், கடலுக்குப் போகாத பையன்கள் பாதிப்பேர் இங்கேதான். கேம் ஆடுவார்கள். அப்புறம் அதே கேமை வைத்து எடுத்த படத்தையோ தொடரையோ பார்ப்பார்கள். பார்த்த மறுநாள் நேராக என்னிடம் வந்து, "அண்ணே, இவ்வளவு நல்ல கேமை ஏண்ணே இப்படிக் கெடுத்து வச்சிருக்கானுங்க?" என்று ஆரம்பிப்பார்கள். ஒரே கேள்விகள் வருஷா வருஷம் திரும்பி வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமின் முடிவை ஒரு பதிலில் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஆடாதவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கேமை வைத்து எடுத்த படங்கள் நிஜமாகவே அவ்வளவு மோசமா? ரசிகர்கள் பெரிதுபடுத்துகிறார்களா?

பெரும்பாலானவை மோசம்தான். முதல் அடியே சறுக்கல். ஹாலிவுட் ஒரு வீடியோ கேமைப் பெரிய படமாக எடுத்தது 1993-இல், 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. என் வயதுக்காரர்களுக்கு மரியோ என்றால் மஞ்சள் கேசட். ஊதி ஊதிச் சொருகினால் டிவியில் நீல வானம் வரும், பச்சைக் குழாய் வரும், செங்கல்லை முட்டினால் காசு சத்தம் கேட்கும். அந்தப் படத்தில் வந்ததோ இருண்ட நகரம் ஒன்று, டைனோசர் வழியில் வந்த மனிதர்கள், ஆளை விட உயரமான உடம்பில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தலை வைத்த கூம்பாக்கள் (கேமில் மரியோ மிதித்து நசுக்கும் குட்டி எதிரிகள்). மரியோவாக நடித்த பாப் ஹாஸ்கின்ஸ் நல்ல நடிகர். தான் செய்ததிலேயே மோசமான வேலை அதுதான் என்று 2007-இல் ஒரு பேட்டியில் அவரே சொன்னார்.

அடுத்த வருஷம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வந்தது. அதில் வில்லனாக வந்த ரவுல் ஜூலியா மட்டும் உயிரைக் கொடுத்து நடித்திருப்பார். 1994 அக்டோபரில் அவர் இறந்தார், டிசம்பரில் படம் வந்தது. அவர் வரும் காட்சிகளை இன்றைக்கும் பார்க்கலாம், மற்றதைத் தாண்டிவிடலாம். இதெல்லாம் பழைய கதை, இப்போது திருந்திவிட்டார்கள் என்று நினைத்தால், 2024-இல் 'பார்டர்லேண்ட்ஸ்' வந்தது. பெரிய நடிகர்கள், 11 கோடி டாலருக்கு மேல் செலவு. உலகம் முழுக்க வசூல் ஏறத்தாழ 3.3 கோடி.

ஏன் கெட்டுப்போகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேம் 2003-இல் வந்தது. ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குத் தாவுகிறீர்கள், தப்பிவிடுகிறது, கீழே விழுகிறீர்கள். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் நேரம் பின்னால் ஓடும். விழுந்த இளவரசன் மேலே ஏறி வந்து பழைய தூணில் நிற்பான். நேரத்தைத் திருப்புவது இளவரசனின் கத்திக்குள் இருக்கும் மந்திர மணல். அது தீர்ந்துபோயிருந்தால் பின்னால் ஓட்ட முடியாது, சாவுதான். அப்படிச் செத்தால் இளவரசனின் குரல் கேட்கும்: "இல்லை இல்லை, அது அப்படி நடக்கவில்லை." ஏனென்றால் மொத்த கேமும் அவன் யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கும் கதை. நம் கை செய்த தப்பு, அவன் கதை சொல்லும்போது வாய் தவறிய இடமாக மாறிவிடுகிறது. எவ்வளவு அழகான யோசனை!

2010-இல் படம் வந்தது. கத்தி இருந்தது, மணல் இருந்தது, நேரம் பின்னால் ஓடும் கிராபிக்ஸும் சில இடங்களில் இருந்தது. ஆனால் விழுந்தவன் யாரோ, எழுந்தவன் யாரோ. நமக்கு அதில் பங்கில்லை. வாய் தவறித் திருத்திக்கொள்ளும் ஒருவன் சொல்கிற கதை என்பதைச் சினிமாவால் தாராளமாகச் செய்ய முடியும், கன்ட்ரோலர் தேவையே இல்லை. அதைத்தான் அவர்கள் விட்டுவிட்டார்கள். உடையையும் கோட்டையையும் எடுத்துக்கொண்டார்கள்.

என் தாத்தா வல்லம் என்ற நாட்டுப் படகில் மீன்பிடித் தொழில் பார்த்தவர். தென்கடலில் ஒரு ராத்திரி கச்சான் காற்றில் மாட்டிக்கொண்டதை எங்களுக்குச் சொல்வார். பத்து மணி நேரம் நடந்ததைப் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிப்பார். எத்தனை பாகம் ஆழம், எந்த வலை, எவ்வளவு மீன் என்று எதுவும் அதில் இருக்காது. கயிறு கையை விட்டு உருவிக்கொண்டு போன அந்த நொடிக்கு வந்ததும் நிறுத்திவிடுவார். உள்ளங்கையை விரித்துத் தழும்பைக் காட்டுவார். பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் கைகள் தானாக மூடிக்கொள்ளும். எங்கள் கையில் கயிறு கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பதிலாக எதைக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

கேமைப் படமாக்குகிறவர் செய்ய வேண்டிய வேலையும் இதுதான் என்று நினைக்கிறேன். ஆடுகிறவன் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கிக்கொள்கிறீர்கள். சரி, பதிலுக்கு என்ன தருகிறீர்கள்? கெட்டுப்போன ஒவ்வொரு படத்தையும் இந்தக் கேள்வியோடு பாருங்கள், எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். 2005-இல் வந்த 'டூம்' படத்தில் ஐந்து நிமிஷம் போலத் துப்பாக்கி முனைக்குப் பின்னாலிருந்தே கேமரா போகும், அசல் கேம் மாதிரியே. பையன்கள் முதல் நிமிஷம் கை தட்டினார்கள். இரண்டாவது நிமிஷத்தில் ஒருவன், "யாரோ ஆடுறதை ஓரமா நின்னு பார்க்கிற மாதிரி இருக்கு" என்றான்.

நிறைய கேம்களில் கதையே கிடையாதே, அதிலிருந்து என்ன எடுப்பது?

கதை இல்லாதது பெரிய குறை இல்லை. 1995-இல் வந்த 'மார்ட்டல் காம்பாட்' ஓடியதற்குக் காரணம் எளிது. கேமே ஒரு போட்டி. ஊரில் கபடி டோர்னமென்ட் நடந்தால் யார் வந்திருக்கிறார்கள், யாருக்கு யாரோடு பகை, யார் ஜெயிப்பார் என்பதே கதையாகிவிடுகிறது அல்லவா? அதை மட்டும் நம்பி எடுத்தார்கள். 1997-இல் இரண்டாம் பாகத்தில் கேமில் உள்ள ஆட்களையெல்லாம் அள்ளிக் கொட்டினார்கள். யார் எதற்கு வந்தார்கள் என்று யாருக்கும் புரியவில்லை.

'ஆர்கேன்' இன்னும் நல்ல உதாரணம். 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்பது ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் ஆட்டம். ஆட்டத்துக்குள் கதை என்று பெரிதாக ஒன்றும் நடக்காது. ஜின்க்ஸ் என்ற பெண் பெரிய துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டே வந்து சுடுவாள், ஆடுகிறவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வைத்து 2021-இல் வந்த 'ஆர்கேன்' அனிமேஷன் தொடரை ஃபோர்டிஷ் என்ற பிரெஞ்சு ஸ்டூடியோ செய்தது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார்கள். அக்காவுக்கு உதவ நினைத்து ஒரு சின்னப் பெண் தானே செய்த வெடியை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். அந்த வெடியே அவள் வீட்டு ஆட்களைக் கொன்றுவிடுகிறது. மூன்றாவது எபிசோடிலேயே இது நடந்துவிடும். அதற்குப் பிறகு கேமில் ஜின்க்ஸ் சிரிக்கும்போது எங்கள் கடையில் யாரும் கூடச் சிரிப்பதில்லை. 2022-இல் அந்தத் தொடருக்குச் சிறந்த அனிமேஷனுக்கான எம்மி விருது கிடைத்தது.

போதுமான பணம் போடாததால்தானே இப்படி? கேமை உருவாக்கியவரே இயக்கினால் சரியாகிவிடாதா?

இரண்டையும் ஒரே படத்தில் செய்து பார்த்துவிட்டார்கள். 'ஃபைனல் ஃபேன்டசி' கேமை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியே இயக்கி 2001-இல் 'தி ஸ்பிரிட்ஸ் வித்தின்' வந்தது. செலவு 13.7 கோடி டாலர். கதாநாயகியின் தலைமுடியை இழை இழையாகக் கம்ப்யூட்டரில் அசைத்தார்கள், அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. வசூல் 8.5 கோடியோடு நின்றது, படம் எடுத்த ஸ்டூடியோவையே மூடினார்கள். கேம் ஆடியவர்களுக்கு அதில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, ஆடாதவர்களுக்குக் கதை பிடிபடவில்லை. கேம் செய்வதும் படம் எடுப்பதும் வேறு வேறு தொழில். வலை பின்னுகிறவர் எல்லாம் படகு கட்டிவிட முடியுமா?

பணத்தில் இன்னொரு கதையும் உண்டு. 2003 முதல் சில வருஷம் ஊவே போல் என்ற ஜெர்மன் இயக்குநர் வரிசையாக கேம்களைப் படமாக்கித் தள்ளினார்: 'ஹவுஸ் ஆஃப் தி டெட்', 'அலோன் இன் தி டார்க்', 'பிளட்ரெய்ன்'. படங்கள் தோற்றும் அடுத்த படத்துக்குப் பணம் வந்துகொண்டே இருந்தது. ஜெர்மனியில் அப்போதிருந்த வரிச் சட்டப்படி, படத்தில் போட்ட பணத்தை வரியில் கழித்துக்கொள்ளலாம், அதனால் முதலீடு செய்தவருக்குப் படம் ஓடாவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. பின்னால் அந்த வழியை அடைத்தார்கள். ஒரு தலைமுறைக்கே 'கேம் படம் என்றால் குப்பை' என்று பதிந்ததில் அந்த வருஷங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு இது இன்னும் ஆறவில்லை. அந்த கேம்களை ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆடியவர்கள் நாங்கள்.

கேமில் உள்ளபடியே, ஒரு வரிகூட மாற்றாமல் எடுத்தால் என்ன?

இதைக் கேட்கும் பையன்களிடம் நான் திருப்புல்லாணியைக் காட்டித்தான் பேசுவேன். ராமன் கடலரசனிடம் வழி கேட்டுத் தர்ப்பைப் புல்லில் படுத்திருந்ததாகச் சொல்லும் ஊர், பக்கத்திலேயே சேதுக்கரை. ராமாயணம் நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பன் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சீதையைத் தொடாமல், அவள் இருந்த பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துத் தூக்கிப் போனதாக மாற்றினான். தன் கதையைக் கேட்கப்போகிறவர்கள் யார், அவர்கள் மனம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கதையைக் கெடுத்துவிட்டான் என்று யாராவது சொல்கிறோமா?

அதனால் மாற்றுவதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. 'ஹேலோ' கேமின் நாயகன் மாஸ்டர் சீஃப் 2001-இலிருந்து தலைக்கவசத்தைக் கழற்றி நமக்கு முகம் காட்டியதே இல்லை. அந்தக் கவசத்துக்குள் இருப்பது ஆடுகிறவன் என்பதால் அப்படி வைத்திருந்தார்கள். 2022-இல் வந்த தொடரில் முதல் எபிசோடிலேயே கழற்றிவிட்டார். நடிகரின் முகம் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் இருபது வருஷம் மூடியிருந்த ஒன்றைத் திறக்கிறீர்கள் என்றால், அது அந்த ஆளுக்கு எவ்வளவு பெரிய முடிவு என்று பார்க்கிறவருக்குப் புரிய வேண்டாமா? கடையில் பார்த்தவர்கள் "ஓ, இவர்தானா" என்றதோடு சரி. இரண்டு சீசனோடு 2024-இல் நிறுத்திவிட்டார்கள்.

'சோனிக்' விஷயத்தில் நல்லது நடந்தது. 2019-இல் முதல் டிரெய்லரில் சோனிக் என்ற நீல முள்ளெலிக்கு மனிதப் பல் வைத்திருந்தார்கள். பார்த்த உலகமே கத்தியது. இயக்குநர் மாற்றுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி, நவம்பரில் வர வேண்டிய படத்தை 2020 பிப்ரவரிக்குத் தள்ளிவைத்து உருவத்தைத் திரும்ப வரைந்தார்கள்.

அப்படியென்றால் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' மட்டும் எப்படி நன்றாக வந்தது?

(முடிவு இங்கேதான் வருகிறது.)

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் போன தடைக்காலத்தில் இதை முதல்தடவை ஆடினான். நோய் தின்று அழிந்த நகரத்தில் ஜோயல் என்பவரும் எல்லி என்ற சிறுமியும் நடந்து போகிறார்கள். ஓரிடத்தில் ஒட்டகச்சிவிங்கிகள் வருகின்றன. எல்லி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்க்க ஆரம்பிக்கிறாள். நீங்கள் நகர்த்தும் வரை கேம் நகராது. அவசரப்படுத்தாது, மணி அடிக்காது. அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டான். டீ வந்தது, ஆறியது. "போகலாமாடா?" என்றேன். "இருங்க மாமா" என்றான். அடுத்து எங்கே போகப்போகிறார்கள் என்று அவனுக்கு ஒரு பயம் இருந்தது, அதனால் அங்கேயே நின்றுகொண்டான். 2023-இல் வந்த தொடரிலும் இதே காட்சி உண்டு, அழகாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் அது எப்போது முடிய வேண்டும் என்பதை எடிட்டர் முடிவு செய்கிறார்.

தொடரை உருவாக்கிய கிரெய்க் மேசினும், கேமை எழுதிய நீல் டிரக்மனும் இந்த இழப்பைப் புரிந்துகொண்டவர்கள். கேமின் முடிவில் எல்லியைக் காப்பாற்ற ஜோயலாக மருத்துவமனை அறைக்குள் நுழைந்தால் டாக்டர் குறுக்கே நிற்பார். நீங்கள் அவரைக் கொன்றால்தான் கதை மேலே போகும். அக்கா மகன் வேறு வழி இருக்கிறதா என்று அறை முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். இல்லை. அந்தப் பாவத்தில் நம் விரலுக்கும் பங்கு. தொடரில் அந்த விரல் கிடையாது. அதனால் அங்கே சத்தத்தை அடக்கிவிட்டார்கள். ஜோயல் ஒவ்வொருவராகச் சுட்டுக்கொண்டே போகிறார், துப்பாக்கிச் சத்தம் தூரத்தில் கேட்பதுபோல் மங்கி, மேலே ஒரு சோகமான இசை. கேமில் நாம் செய்தோம். தொடரில், நாம் நேசித்த ஒரு மனிதர் செய்வதைத் தடுக்க முடியாமல் பார்க்கிறோம். என் தாத்தா உள்ளங்கையை விரித்தாரே, அந்த மாதிரி.

மூன்றாவது எபிசோடையும் சொல்ல வேண்டும். கேமில் பில் என்பவர் தனி ஆள், அவரைவிட்டு ஓடிய ஃபிராங்க் செத்துக் கிடப்பதைப் பார்க்கிறோம், கசப்பான ஒரு கடிதம் கிடைக்கிறது. தொடரில் அதைத் தலைகீழாக்கி இருவரும் சேர்ந்து வாழ்ந்து முடித்த கதையாகச் சொன்னார்கள். சண்டைக் காட்சிகள் இருந்த இடத்தில் ஒரு ஸ்ட்ராபெர்ரிச் செடி. எங்கள் கடையில் இதைப் பிடிக்காதவர்களும் உண்டு. எனக்கு மொத்தத் தொடரிலும் பிடித்தது அதுதான்.

படத்தைவிடத் தொடர்தான் சரியான வடிவமா?

நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். 2022-இல் 'ரெசிடென்ட் ஈவில்' தொடராகவும் வந்தது, ஒரே சீசனில் போய்விட்டது.

'வைஸ் சிட்டி' எப்போது படமாக வரும்?

ராமநாதபுரம் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு, எனக்கும் இருந்தது. இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. அந்த கேமே எண்பதுகளின் மயாமி கேங்ஸ்டர் படங்களையும் தொடர்களையும் பார்த்துச் செய்தது. சினிமாவில் வருவதை நாமே செய்யலாம் என்பதுதான் அதில் இருந்த போதை. திரும்பப் படமாக்கினால் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஆகிவிடும்.

'அன்சார்ட்டட்' படத்துக்கு 2022-இல் நடந்தது அதுதான். பழைய புதையல் வேட்டைப் படங்களைப் பார்த்து வளர்ந்த கேம் அது. மூன்றாம் பாகத்தில் பறக்கும் சரக்கு விமானத்திலிருந்து தொங்கும் இடத்தில் என் உள்ளங்கை வேர்த்துக் கன்ட்ரோலர் வழுக்கியது. படத்தில் அதே காட்சி வந்தபோது பக்கத்திலிருந்தவன் போனை எடுத்து மெசேஜ் பார்த்தான்.

வசூல் கொட்டுகிறதே, அப்புறம் எப்படி மோசம் என்கிறீர்கள்?

கொட்டுகிறது, உண்மைதான். 2002-இல் தொடங்கிய 'ரெசிடென்ட் ஈவில்' ஆறு படங்களும் சேர்ந்து 120 கோடி டாலருக்கு மேல் வாங்கின. கேமில் இல்லாத ஆலிஸ்தான் அவற்றில் நாயகி. கேமின் உயிரோ, இருட்டு வீட்டில் இரண்டு தோட்டாவோடு கதவைத் திறக்கும் அந்தத் தயக்கம். அது ஆறு படத்திலும் சேர்த்து எனக்கு ஒரு கைப்பிடி அளவுக்குத்தான் கிடைத்தது. 2023 மரியோ அனிமேஷன் படம் 130 கோடி டாலரைத் தாண்டியது. கதை என்று பார்த்தால் மெலிசுதான், ஆனால் மரியோ என்றால் நிறமும் துள்ளலும் காசு சத்தமும் என்பதாவது அதை எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1993-இலிருந்து அவ்வளவு தூரம் வர முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

சின்னப் பிள்ளைகளோடு எதைப் பார்க்கலாம்?

'சோனிக்', 'டிடெக்டிவ் பிகாச்சு', புது மரியோ. 'ஆர்கேன்', 'லாஸ்ட் ஆஃப் அஸ்', 'ஃபால்அவுட்' எல்லாம் பெரியவர்களுக்கு. கார்ட்டூன்தானே என்று 'ஆர்கேனை'ப் போட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விடாதீர்கள்.

நம் கடலை வைத்து ஒரு கேம் வந்து, அதைப் படமாக எடுத்தால் எப்படி எடுக்க வேண்டும்?

இதைப் பையன்களிடமே திருப்பிக் கேட்டேன். கேமுக்கு எல்லோரிடமும் யோசனை இருந்தது: பாம்பன் பாலத்துக்கு அடியில் நீரோட்டத்தில் படகைக் கொண்டுபோவது. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் அந்த இடத்தில் தண்ணீர் இழுக்கும் இழுப்பு இங்கே எல்லோருக்கும் தெரியும். சுக்கானைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் பாறை, குறைவாகத் திருப்பினால் தூண். கன்ட்ரோலர் எப்படி அதிர வேண்டும் என்பதுவரை பேசினார்கள். படம் என்றதும் ஒருவன் புயல் என்றான், ஒருவன் பாலம் இடிய வேண்டும் என்றான்.

அதுவரை பேசாமலிருந்த ஒருவன், அப்பாவோடு நாலைந்து தடவை கடலுக்குப் போய் வந்தவன், சொன்னான்: "புயலெல்லாம் வேண்டாம்ணே. எங்கப்பா படகுல எப்பவும் பேசிக்கிட்டே வருவாரு. பாலத்துக்கிட்ட வந்தா மட்டும் பேச்சை நிறுத்திடுவாரு. தாண்டுற வரைக்கும் இன்ஜின் சத்தம்தான். தாண்டினதும் விட்ட இடத்துலருந்து பேசுவாரு. அதை எடுத்தாப் போதும்."